நதியா கேட்ட த்ரீ ஃபேஸ்

நதியாவை நான் முதன்முதலில் பார்த்தபோது, என் சீட்டில் ஒரு மோட்டார் உட்கார்ந்திருந்தது.

திருப்பத்தூரிலிருந்து புதூர்நாடு ஏறுகிற ஜீப் அது. எனக்குக் கணக்கர் வேலையில் சேரும் நாள். எங்கள் வீட்டில் டிகிரி என்ற ஒன்றை முதலில் கையில் வாங்கியவன் நான்தான். செங்கம் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் என் பி.காம். பட்டத்தைப் பார்க்காமல் போக முடியாது. அப்பா அதைச் சட்டம் போட்டு டி.வி.க்கு மேலே சாமி படத்தோடு மாட்டி வைத்திருக்கிறார். அப்படிப்பட்டவன் இஸ்திரி போட்ட சட்டையோடு ஜீப்பில் ஏறினால், நடு சீட்டில் ஆள் உட்கார வேண்டிய இடத்தில் சாக்கு சுற்றி, கயிறு கட்டி, ஜம்மென்று ஒரு மோட்டார். அதன் தோளில் கை போட்ட மாதிரி பக்கத்தில் ஒரு பெண்.

"மேடம், இத்தக் கீழ வச்சா நான் உக்காந்துக்குவேன்."

"வைக்கக்கூடாதுங்க. இப்பத்தான் கருகின காயில மாத்திக் கட்டி எடுத்துனு வர்றேன். வளைவுல குதிச்சா மறுபடி போயிடும்."

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

"பின்னாடி போங்க. நீங்க குதிச்சா ஒண்ணும் ஆவாது."

ஜீப்பு முழுக்கச் சிரிப்பு. டிரைவர் பழனி கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சார், மோட்டாரு சீட்டுக்குக் காசு குடுத்திருக்குது. நீங்கதான் இன்னும் குடுக்கல" என்றார். முட்டை அட்டைக்கும் சிமெண்ட் மூட்டைக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு, சட்டை சாம்பல் நிறமாக, மலை ஏறினேன்.

மேல்கொட்டாயில் நான் இறங்கினேன். மோட்டாரும் இறங்கியது. அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் புதுசா வர்ற கணக்கு சாரா?"

"ஆமாங்க. அஜய். நீங்க?"

"நான் மிஷினு. நதியா. இந்தப் பக்கம் பிடிங்க, உள்ள தூக்கினு போலாம்."

ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம். என் முதல் நாள் வேலை அதுதான்.

மேல்கொட்டாய், புதூர்நாடு பஜாரிலிருந்து ஓடை தாண்டி உள்ளே தள்ளியிருக்கிற சின்ன ஊர். மலை விவசாயிகள் சேர்ந்து நடத்துகிற எங்கள் உற்பத்தியாளர் கம்பெனியின் அரவை ஆலை அங்கேதான். ஆலை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கூரை, உமி நீக்குகிற ஒரு மிஷின், சல்லடை, மூட்டை தைக்கிற ஒரு மிஷின். ஆனால் அந்தத் தகரக் கூரைக்கு அடியில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிரும். அதுவரை இந்த மலைச் சாமையைப் படியால் அளந்து கீழே அனுப்பிவிட்டு, அரிசியாக்கிப் பாக்கெட் போட்டு வந்ததைக் கடையில் பார்த்து வியந்துகொண்டிருந்த ஜனங்கள், தங்கள் ஊர் பேரைப் பாக்கெட்டில் போட்டு வேலூருக்கும் சென்னைக்கும் அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள்.

அதற்குக் காரணம் நதியா. அடிவாரத்துப் பெண். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்து, ஓசூரில் ஒரு பெரிய கம்பெனியில் அப்ரண்டீஸாக இருந்தவர். அம்மா முத்தம்மாளுக்கு ஆபரேஷன் ஆனபோது பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்தார். சும்மா இருக்க முடியாமல் மலை ஏறினார். "மிஷினு ஓடல, வந்து ஒரு தரம் பாரும்மா" என்று எங்கள் கம்பெனித் தலைவர் சிங்காரம் கூப்பிட, பார்க்க வந்தவர் அப்படியே வேலைக்கு நின்றுவிட்டார்.

சாமை ரொம்பப் பொடி. மிஷின் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் அரிசி உடைந்து நொய்யாகிவிடும். வேகம் குறைந்தால் உமியோடு அப்படியே வெளியே வரும். கீழே இருந்து வாங்கி வந்த மிஷின் வேறு ஏதோ தானியத்துக்கான வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நதியா பெல்ட் ஓடுகிற புல்லியை மாற்றினார், சல்லடையை மாற்றினார், ஒரு மாதம் போராடி, முழு அரிசியாக விழ வைத்தார். விழுந்த அன்றைக்குச் சிங்காரம் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினாராம்.

ஒரே ஒரு தொல்லை கரண்டு. ஊரில் வீட்டுக்கு வருகிற சிங்கிள் ஃபேஸ்தான் ஆலைக்கும்; கனமான மோட்டாருக்கு வேண்டிய மூன்று கம்பி த்ரீ ஃபேஸ் இல்லை. சாயங்காலம் எல்லா வீட்டிலும் மிக்சி, கிரைண்டர், டி.வி. போட்டால் மோட்டார் மூச்சு வாங்கும். மிஷின் வேகம் விழும். உமி போகாது. மோட்டார் சூடாகிக் காயில் போய்விடும். அப்புறம் மோட்டாருக்கு ஜீப்பில் சீட்டு போட வேண்டும்.

இதற்கு ஊர் கண்டுபிடித்த வழி இந்தியாவிலேயே வேறு எங்கும் இருக்காது. ஆலையில் வேலை செய்கிற சின்னக்குழந்தை அக்கா, மிஷின் போடுவதற்கு முன்னால் வாசலில் நின்று கத்துவார்.

"அடியேய், மிக்சிய நிறுத்துங்கடி! டி.வி.ய அமத்துங்க! நதியா மிஷினு போடப் போவுது!"

தெருவில் இருந்து பதில் வரும். "இரு யக்கா, சீரியல்ல இப்பத்தான் மாமியாக்காரிய போலீஸ் புடிக்குது!"

"அத்த நாளைக்கு விட்டுடுவாங்கோ, நிறுத்துடி!"

ஊரே நிறுத்தும். நிஜமாகவே நிறுத்தும். ஒரு பெண் அரிசி அரைக்கட்டும் என்று ஒரு ஊர் சட்னி அரைக்காமல் காத்திருக்கும். எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. நதியாவுக்கு அப்படி இல்லை. "இப்படியே எத்தினி நாளுங்க ஓட்ட முடியும்?" என்பார்.

ஐப்பசியில் ஓசூரிலிருந்து போன் வந்தது. அப்ரண்டீஸாக இருந்த அதே கம்பெனி. நிரந்தர வேலை. பொங்கல் முடிந்து சேர வேண்டும். முத்தம்மாள் உடம்பு தேறி நடமாட ஆரம்பித்திருந்தார். இனி ஊரில் தங்க நதியாவுக்குக் காரணம் எதுவும் இல்லை. ஆனால் நதியா போனால் மிஷினும் போகும். அறுவடைச் சாமை எல்லாம் மறுபடி படியால் அளந்து கீழேதான் போக வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

நான் முத்தம்மாளைப் போய்ப் பார்த்தேன். அவர் என்னை உட்கார வைத்து டீ கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"தம்பி, நீ படிச்ச புள்ள. நீயே சொல்லு. அங்க கம்பெனி பஸ்ஸு வூட்டு வாசல்ல வந்து ஏத்தினு போவுதாம். கேன்டீன் கீது, பி.எஃப். கீது. கிரீஸ் ஆனா கை கழுவ தனி சோப்பு குடுக்குறாங்களாம். இங்க இன்னா கீது? மோட்டாரத் தூக்கினு ஜீப்புல அலையுது எம் பொண்ணு. நான் பெத்தது இத்துக்கா?"

டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். அந்த சோப்பு விஷயம் மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டது.

சிங்காரம் ஆலை வாசலில் கூட்டம் போட்டார். சிங்காரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு எந்தப் பிரச்னைக்கும் பத்து நிமிஷத்தில் முடிவு தெரிந்துவிடும். அந்த முடிவு சரியா என்பது அப்புறம்தான் தெரியும்.

"பொண்ணு போவக்கூடாது. இன்னா பண்ணலாம்?" என்றார்.

"சம்பளம் ஏத்தலாம்" என்றேன்.

"ஓசூர்க்காரனோட போட்டி போட முடியுமா தம்பி? வேற சொல்லுங்க."

மூலையிலிருந்து ஒரு குரல். "இங்கயே கட்டிக் குடுத்துட்டா? புருசன் வூடு இங்க இருந்தா எங்க போவும்?"

கூட்டம் முழுக்க ஒரே "அட!" சிங்காரம் தொடையில் தட்டினார். அவ்வளவுதான், பிரச்னை தீர்ந்தது. நதியாவின் ஜனத்திலேயே ஒரு பையன், கோகுல்ராஜ், புதூர்நாடு பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். தூரத்து உறவு. நல்ல பையன். சொந்தக் கடை. மார்கழி பிறந்துவிட்டால் பேச்செடுக்க முடியாது, ஜல்தியாகப் போக வேண்டும். நதியாவைக் கேட்கலாமே என்று நான் இழுத்தேன். "பொண்ணு கேக்கத்தான போறோம்!" என்றார் சிங்காரம்.

கார்த்திகை மாசம், நல்ல நாள் பார்த்து, பழனியின் ஜீப் நிறையக் கிளம்பினோம். தட்டில் வெற்றிலை, பழம், பூ. அது போதாதென்று புளி ஒரு கூடை, தேன் ஒரு கேன், சாமை அரிசி ஒரு மூட்டை. அந்த மூட்டையை அரைத்தது நதியாவேதான். ஒரு தட்டு என் மடியில். ஜீப்பின் கடைசியில் கோகுல்ராஜ் உட்கார்ந்திருந்தான். அவனைக் கடையிலிருந்து பாதி வேலையில் இழுத்து வந்திருந்தார்கள். "யாரு வூட்டுக்கு, இன்னாத்துக்கு?" என்று அவன் கேட்டுக்கொண்டே வந்தான். பதில் அடிவாரத்தில்தான் கிடைத்தது. அதற்கப்புறம் அவன் வாயைத் திறக்கவில்லை.

முத்தம்மாள் வீட்டில் நதியா இல்லை. மிஷினில் சுற்றுகிற இரும்புத் தண்டு, அந்த ஷாஃப்ட், தேய்ந்துவிட்டது, இரும்பு கடைகிற லேத்தில் கொடுத்து வாங்கப் போயிருக்கிறாள் என்றார் அம்மா. சிங்காரம் தட்டை முன்னால் தள்ளி, தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். முத்தம்மாள் தட்டைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், பிறகு சிங்காரத்தைப் பார்த்தார்.

"ஏங்க தலைவரே, எம் பொண்ணுக்கு மாப்ள பாக்குறீங்களா, உங்க மிஷினுக்குக் காவக்காரி பாக்குறீங்களா?"

சிங்காரம் தட்டை இன்னும் ஒரு சாண் முன்னால் தள்ளினார்.

அந்த நேரம் பார்த்து நதியா உள்ளே வந்தார். தோளில் சாக்குப் பையில் ஷாஃப்ட், முழங்கை வரைக்கும் கறுப்பு. வாசலில் ஜீப், உள்ளே நாங்கள் பதினைந்து பேர், நடுவில் பூவும் பழமும். நொடியில் புரிந்துகொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஷாஃப்டை மெதுவாகச் சுவரோரம் சாய்த்து வைத்தார். பிறகு நிமிர்ந்து நின்று சொன்னார்.

"தலைவரே, எனக்கு மாப்ள வேணாம். த்ரீ ஃபேஸ் வேணும்."

கடைசி வரிசையிலிருந்து கோகுல்ராஜின் குரல் நிம்மதியாக வந்தது.

"அக்கா, நானும் அத்தத்தான்க்கா இறங்கினதுலருந்து சொல்லணும்னு நெனச்சேன்."

அக்கா என்று சொல்லிவிட்டான்! சம்பந்தப் பேச்சு அங்கேயே முறிந்தது. முத்தம்மாள்தான் முதலில் சிரித்தார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. சிங்காரம் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வந்தது வந்துவிட்டோம் என்று எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். கோகுல்ராஜ் இரண்டு தடவை சோறு வாங்கினான்.

திரும்பும்போது நதியாவும் ஷாஃப்டோடு எங்கள் ஜீப்பில் ஏறினார். சிங்காரம் முதல் வளைவிலேயே கேட்டார்.

"எம்மா, அந்த த்ரீ ஃபேஸு வந்தா நின்னுக்குவியா?"

"தெரியாது தலைவரே. அது இல்லன்னா நிக்க முடியாது. அது மட்டும் தெரியும்."

"நாம கேக்கவே இல்லியே தம்பி" என்றார் என்னிடம் திரும்பி. உண்மைதான். பஜார் வரைக்கும் த்ரீ ஃபேஸ் வந்திருந்தது. மேல்கொட்டாய் ஆலைக்கு வேண்டும் என்று நாங்கள் ஒரு தடவைகூட யாரிடமும் கேட்கவில்லை. வீட்டுக்கு வருகிற கரண்டு மிஷினுக்குப் போதாதா என்பது சிங்காரத்தின் எண்ணம். மிக்சியை நிறுத்தப் பழகிக்கொண்ட ஊர், லைன் கேட்கப் பழகவில்லை.

மறுநாளே நானும் நதியாவும் கீழே மின்வாரிய ஆபீசுக்கு இறங்கினோம். விண்ணப்பத்தை நான் எழுத, எத்தனை குதிரை சக்தி என்று நதியா சொன்னார். நான் எழுதினேன். "கூடப் போடுங்க" என்றார்.

"மிஷினுக்கு இது போதும்னு சொன்னீங்களே?"

"லேத்துக்கும் சேத்துக் கேளுங்க."

"லேத்து எங்கங்க இருக்குது?"

"வரும். ஒரு ஷாஃப்டு தேஞ்சா திருப்பத்தூருக்கு ஓடுறதெல்லாம் ஒரு வேலையா?"

"நீங்கதான் ஓசூர் போறீங்களே."

நதியா என்னை ஒரு பார்வை பார்த்தார். "நான் போனா மலைக்கு லேத்து வேணாமா?"

எழுதினேன்.

அலுவலகத்தில் இருந்தவர்கள் எங்களை அலைய விடவில்லை. அதிகாரி ஒருவர் நேரில் வந்து அளந்து பார்த்தார். மார்கழிக் குளிரில், பனி விலகாத ஒரு காலையில், சிமெண்ட் போஸ்ட் ஏற்றிய லாரி மலை ஏறி வந்துவிட்டது! ஊரே ஓடிப் பார்த்தோம். ஓடை வரைக்கும் வந்த லாரி அங்கே நின்றது. ஐப்பசி மழையில் ஓடைத் தரைப்பாலம் பாதி அரித்துப் போயிருந்தது. ஜீப் எப்படியோ இறங்கி ஏறும். லாரிக்கு வழி இல்லை. போஸ்ட்டுகளை இக்கரையில் இறக்கிவிட்டு மேஸ்திரி கையைத் தட்டிக்கொண்டார்.

"பாலம் போட்டப்புறம் நட்டுக்கலாம். சித்திரைக்கு மேல ஆவும்."

"சித்திரையா?" என்றார் சிங்காரம். பொங்கலுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

"ஒவ்வொண்ணும் கல்லு மாதிரி கனம்ங்க. தூக்கினு வர்றதா இது?"

சிங்காரம் அந்தப் போஸ்ட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நுனியில் கை வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் அந்தப் பத்து நிமிஷ வெளிச்சம் வந்ததும் எனக்குப் பயமாகிவிட்டது.

"நம்ம சாமி இத்த விட கனமாச்சே" என்றார்.

அவ்வளவுதான். "வூட்டுக்கு ஒரு ஆளு!" என்று தண்டோரா போனது.

இந்த மலையில் அது சாதாரண வார்த்தை இல்லை. கோயில் திருவிழாவில் சாமியை மலையேற்ற, பாதை போட, ஏரி வெட்ட, எதற்கென்றாலும் அந்த ஒரு கூப்பாடு போதும். வீட்டுக்கு ஒருவர் வந்தாக வேண்டும். வெளியூரில் இருந்தால் பதிலுக்கு ஆள் அனுப்ப வேண்டும். மறுநாள் காலையில் ஓடைக்கரையில் திருவிழாக் கூட்டம். சுற்று ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். அவர்கள் சாமையும் எங்கள் மிஷினில்தானே அரைகிறது! சாமி தூக்குகிற மூங்கில்களே வந்துவிட்டன. போஸ்ட்டுக்குக் குறுக்கே மூங்கில் கட்டி, உயரம் பார்த்து ஆள் நிறுத்தி, சிங்காரம் முன்னால் நின்று குரல் கொடுத்தார்.

"தோள் குடு சாமி! ஏத்து சாமி! நட சாமி!"

போஸ்ட் எழும்பியது! தண்ணீருக்குள் இறங்கியது, கூழாங்கல்லில் தள்ளாடியது, ஒரு பக்கம் சாய்ந்தது, "வலது தோள், வலது தோள்!" என்று நாலு பேர் ஓடி முட்டுக் கொடுத்தார்கள். நிமிர்ந்தது. அக்கரை ஏறியது. மேளக்காரர் யாரும் கூப்பிடாமலே வந்து அடித்துக்கொண்டிருந்தார். நானும் இருந்தேன் அதில். என் இஸ்திரிச் சட்டை இன்னொன்று அன்றைக்குப் போனது. அப்பா கேட்டபோது போட்டோவைக் காட்டினேன். அதையும் சட்டம் போட வேண்டும் என்கிறார்.

கோகுல்ராஜும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான். சின்னக்குழந்தை அக்கா விடவில்லை.

"டேய் மாப்ள! பொண்ணுதான் கெடைக்கல, போஸ்டையாச்சும் தூக்கு!"

"யக்கா, இது அத்த விட லேசுக்கா!"

மேஸ்திரி இடுப்பில் கை வைத்தபடி நின்று பார்த்தார். மூன்றாவது போஸ்ட்டுக்குத் தன் ஆட்களையும் தோள் கொடுக்கச் சொன்னார். ஐந்தாவதுக்குத் தானே வந்தார்.

நதியா அங்கே இல்லை. ஆலைக்குள், த்ரீ ஃபேஸுக்கென்று வாங்கிய புது மோட்டாருக்கு அடித்தளம் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் போஸ்ட் ஆலை வாசலுக்கு வந்து இறங்கிய சத்தம் கேட்டு வெளியே வந்தார். வியர்வையும் சேறுமாக நின்ற அத்தனை பேரையும் பார்த்தார். உள்ளே போய் மட்டப்பலகையை மறுபடி எடுத்துக்கொண்டார். நான் பின்னாலேயே போனேன்.

"இப்ப என்னங்க சொல்றீங்க?"

"போஸ்டு வந்துடுச்சு. கரண்டு வரட்டும்."

பொங்கல் முடிந்து, நதியா ஓசூர் கிளம்ப வேண்டிய காலையில்தான் லைனில் கரண்டு விட்டார்கள். அவரை அழைத்துப் போக பூபாலன் வந்திருந்தார். பாலிடெக்னிக்கில் நதியாவோடு படித்தவர், ஓசூரில் அதே கம்பெனியில் வேலை, பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தார். முத்தம்மாளும் பழனி ஜீப்பில் மேலே வந்துவிட்டார். கையில் நதியாவுக்கான பை. துணி, ஊறுகாய் பாட்டில், புதுச் செருப்பு எல்லாம் கட்டி வைத்திருந்தார். ஆலைக்குள்ளே காலெடுத்து வைக்க இடமில்லை.

நதியா பெல்ட்டைக் கழற்றி வைத்திருந்தார். முதலில் மோட்டார் மட்டும் தனியாகச் சுற்ற வேண்டும் என்றார். சிங்காரம் கற்பூரம் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டினார்.

மோட்டார் உறுமியது! சுற்றியது! கைதட்டல் கூரையைத் தூக்கியது. கைதட்டிக்கொண்டிருந்த சின்னக்குழந்தை அக்காதான் முதலில் நிறுத்தினார்.

"ஏய், இது எதிர்ப்பக்கமால்ல சுத்துது?"

சத்தம் அப்படியே அடங்கியது. ஆமாம். எதிர்ப்பக்கம்தான். யாரோ பின்னாலிருந்து "சகுனமே சரியில்ல" என்றார்கள். இன்னொருவர் "பொண்ணு கிளம்புற நாளாச்சே" என்றார். சிங்காரத்தின் முகம் போன போக்கு, தோளில் தூக்கிய சாமியையே கீழே போட்டுவிட்ட மாதிரி. போஸ்ட் சுமந்த தோள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தொங்கின.

அதற்கு நடுவில் இரண்டு பேர் மட்டும் சிரித்தார்கள். ஒன்று நதியா. இன்னொன்று பூபாலன்.

"ஃபேஸு மாறிடுச்சு" என்றார் பூபாலன்.

"தெரியுது. அதுக்குத்தான பெல்ட்ட கழட்டி வச்சேன்" என்றார் நதியா. பிறகு எங்களைப் பார்த்து, "ஒண்ணும் இல்லீங்க. மூணு ஒயருல ரெண்ட இடம் மாத்துனா சரியாச் சுத்தும். புதுசா கனெக்சன் குடுத்தா பாதி மோட்டாரு இப்படித்தான் முதல்ல சுத்தும்" என்றார்.

"அப்ப சகுனம்?" என்றார் சிங்காரம் நம்பாமல்.

"சகுனத்தையும் சேத்து மாத்திடுறேன் தலைவரே."

லைன் ஆட்கள் கரண்டை நிறுத்தினார்கள். பூபாலன் ஊருக்குப் போகப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டு, "ஸ்பேனரு எங்க?" என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார். ஒருவர் கழற்ற ஒருவர் மாட்ட, நடுவில் இரண்டு பேரும் எங்களுக்குப் புரியாத ஏதேதோ பேசிக்கொண்டார்கள். பேரிங் என்றார்கள், அலைன்மென்ட் என்றார்கள், "நம்ம லேப்ல அந்த சார் போட்டாரே" என்று சிரித்தார்கள். நதியா இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. இந்த மலையில் அவரோடு மோட்டார் பற்றிப் பேச ஒரு ஆள் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுபடி சுவிட்ச். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டே தட்டினார் சிங்காரம். சரியான பக்கம். பெல்ட் மாட்டினார்கள். சாமை கொட்டினார்கள். மிஷின் ஒரே சீராக, மூச்சு வாங்காமல், ஓட ஓட ஓட, ஒரு பக்கம் உமி பறக்க, இன்னொரு பக்கம் அரிசி முத்து முத்தாக விழுந்தது! சின்னக்குழந்தை அக்கா பழக்கத்தில் வாசலுக்கு ஓடினார். "மிக்சிய நிறுத்துங்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்று, அப்படியே மாற்றிக் கத்தினார்.

"போடுங்கடி! எல்லா மிக்சியையும் போடுங்கடி! டி.வி.யையும் போடுங்க!"

தெரு முழுக்கக் கிரைண்டர் ஓடியது. மிஷினின் வேகம் ஒரு துளி குறையவில்லை. கைதட்டினவர்கள், விசில் அடித்தவர்கள், கோகுல்ராஜைத் தூக்கிச் சுற்றியவர்கள், அந்தக் காலையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கூட்டம் கொஞ்சம் அடங்கியதும் பூபாலன் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "கிளம்பலாமா நதியா? நாளைக்குக் காலைல ரிப்போர்ட் பண்ணணும்."

எல்லாரும் கேட்டார்கள் அந்தக் கேள்வியை.

நதியா விழுகிற அரிசியில் கை வைத்தார். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பினார். உடைந்தது எதுவும் இல்லை.

"நீ போ பூபாலா. நான் போன்ல சொல்லிடுறேன், வரலன்னு."

சிங்காரம் கும்பிட இரண்டு கையையும் தூக்கினார். நதியா தடுத்தார்.

"தலைவரே, நீங்க போஸ்டு தூக்குனீங்கன்னு நான் நிக்கல. அப்படி நின்னா ஒரு வருசத்துல சலிச்சுப் போயிடும். இந்த மிஷினு இப்பத்தான் ஒழுங்கா ஓடுது. இத்தோட இன்னா இன்னா பண்ணலாம்னு எனக்குப் பாக்கணும். தெனையும் போட்டுப் பாக்கணும், புளிக் கொட்டை உடைக்க ஒண்ணு செய்யணும். லேத்து வாங்கணும். வாங்கலன்னா நான் கிளம்பிடுவேன், இப்பவே சொல்லிட்டேன்."

"வாங்கிடலாம் கண்ணு, வாங்கிடலாம்!"

"மறுபடி மாப்ள தூக்கினு வரக்கூடாது."

"வர மாட்டேன்."

"கை கழுவ சோப்பு?" என்றேன் நான். முத்தம்மாளைப் பார்த்துத்தான் கேட்டேன்.

முத்தம்மாள் சிரிக்கவில்லை. கையிலிருந்த பையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஓசூரின் கம்பெனி பஸ் ஒன்று வாசலில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. "இத்த இப்ப திருப்பி எடுத்துனு போவணுமா?" என்றார்.

"இங்கயே வைம்மா. நான் மேலயே தங்கப் போறேன். தெனம் ஜீப்புல இறங்கி ஏற முடியல."

முத்தம்மாள் பையை வைத்தார். அதிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்து, சின்னக்குழந்தை அக்கா கையில் கொடுத்தார். "தனியா சோறாக்கினா உப்பு போட மறந்துடும் இது. நீ கொஞ்சம் பாத்துக்க" என்றார்.

பூபாலன் மலை இறங்கும்போது ஆலை வாசலில் என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார். "லேத்து எப்ப வரும்?"

லேத் ஆடி மாதம் வந்தது. பழையதுதான், ஆனால் நல்லது. ஓடைப் பாலம் அதற்குள் கட்டியாகிவிட்டதால் தோளில் தூக்க வேண்டியிருக்கவில்லை. சிங்காரத்துக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

நதியா இப்போது மேல்கொட்டாயில் இருக்கிறார். கம்பெனியின் ஒர்க்‌ஷாப் அவர் பொறுப்பு. பூபாலன் ஓசூரை விட்டுவிட்டு வந்து அவரோடு வேலை செய்கிறார், ஐ.டி.ஐ. முடித்த கோகிலவாணி என்ற பெண்ணும் சேர்ந்திருக்கிறாள். சுற்று ஊர்களின் அரவை மிஷின்களுக்கு ஷாஃப்டும் புல்லியும் இங்கேயே கடைகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நதியா அம்மா வீட்டுக்கு இறங்குகிறார், திங்கட்கிழமை முதல் ஜீப்பில் ஏறி வந்துவிடுகிறார்.